சாவியை யார் வாங்கி வைப்பது?

வாசகர் கேள்வி – பதில்

குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைத் தடுப்பது காவல் துறையால் மட்டும் ஆகிற காரியமல்ல என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே எழுதியிருந்தேன். அப்படியானால் வேறு யார் தடுப்பது, எப்படித் தடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர்): பல ஆண்டுகள் மாணவர்களை அழைத்துக்கொண்டு விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தினேன். உறுதிமொழி எடுக்க வைத்தோம், சுவரொட்டி ஒட்டினோம். விபத்துகள் குறைந்ததாகத் தெரியவில்லை. இவற்றால் பயன் உண்டா, இல்லையா?

பதில்: தனியாக நடந்தால் பயன் மிகக் குறைவு என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டு இதைச் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்பது தெரியாமல் யாரும் ஓட்டுவதில்லை. பகலில் உங்கள் சுவரொட்டியைப் படித்துத் தலையசைத்தவரேதான் இரவில் சாவியைக் கையில் எடுக்கிறார். ஆனால் பகலில் படித்ததை எடைபோட்டுப் பார்க்கும் நிதானம் அந்த நேரத்தில் அவரிடம் இருப்பதில்லை. மது கால்களைத் தொடுவதற்கு முன்பே கணிப்பைத் தொட்டுவிடுகிறது. நடை தள்ளாடத் தொடங்குவதற்கு வெகு முன்னரே, "எனக்கு ஒன்றுமில்லை, நான் சரியாகத்தான் இருக்கிறேன்" என்ற தைரியம் வந்துவிடுகிறது. ஆகவே ஓட்டுவதா, வேண்டாமா என்ற முடிவை அந்த மனிதரிடம், அந்த நேரத்தில் விட்டுவைக்காமல் இருக்க ஊர் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1988-இல் ஆறு ஊர்கள் இதை முயன்று பார்த்தன. ஒவ்வோர் ஊரின் நிர்வாகமும் இந்த வேலைக்கென்றே முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமித்தது. காவலர்கள், பள்ளிகள், வணிகர்கள், பொதுமக்கள் என எல்லாத் தரப்பினரும் சேர்ந்த குழு ஒன்று அவருக்குத் துணை நின்றது. குடிபோதையை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதிவேகம், இருக்கைப் பட்டி, பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடங்கள் ஆகியவற்றையும் சேர்த்தே கையில் எடுத்தார்கள்; வேகமாகப் பறக்கும் வண்டிகளைப் பற்றிப் பொதுமக்கள் புகார் சொல்லத் தொலைபேசி எண் கூட வைத்தார்கள். ஐந்து ஆண்டுகளில், மாநிலத்தின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடும்போது இந்த ஊர்களில் உயிர்ப்பலி விபத்துகள் 25 சதவீதமும், அவற்றுள் மது தொடர்பானவை 42 சதவீதமும் குறைந்தன. வேகத்தையும் சேர்த்துக்கொண்டதுதான் இதில் புத்திசாலித்தனம் என்பது என் எண்ணம். குடித்தவர் வேகமாகவும் ஓட்டுகிறார், பட்டியும் போடுவதில்லை என்பது ஒரு காரணம். குடிப்பழக்கமே இல்லாத வீட்டாரும் தங்கள் பிள்ளை சாலையைக் கடக்கும் கவலையோடு கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

எனவே ஊர்வலத்தைக் கைவிட வேண்டாம். அதன் பதாகையில் அறிவுரையை எழுதுவதற்குப் பதிலாகச் செய்தியை எழுதுங்கள்: இந்த மாதம் முழுவதும் இரவுச் சோதனை நடக்கும், இந்த எண்ணை அழைத்தால் வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள், இந்த இடத்தில் வண்டியை விட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று. அப்படி எழுத ஒன்றும் இல்லையென்றால் முதலில் அதற்கான ஏற்பாட்டைச் செய்துவிட்டுப் பிறகு ஊர்வலம் போகலாம்.

கேள்வி (தொழில் செய்பவர்): அளவோடு குடித்தால் எனக்குத் தடுமாற்றமே வருவதில்லை. இருபது ஆண்டுகளாக ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டுகிறேன். சட்டம் சொல்லும் அளவும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அப்படியானால் அது வெறும் யூகம்தானே?

பதில்: அளவு மாறுவது உண்மை. ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹாலுக்கு இவ்வளவுதான் என்று சட்டத்தில் எண்ணைக் குறித்த முதல் நாடு நார்வே. 1936-இல் அது வைத்த எல்லை 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 50 மில்லி கிராம். பிரிட்டன் 1967-இல் 80 என்று வைத்தது; அதன் ஒரு பகுதியான ஸ்காட்லாந்து 2014-இல் அதை 50 ஆகக் குறைத்துக்கொண்டது. இந்தியாவில் 30. ஸ்வீடன் 1990 முதல் 20. ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஆபத்தைப் பொறுத்துக்கொள்ளத் துணிகிறது என்பதில்தான் இந்த வேறுபாடு. ஆபத்து இருக்கிறதா என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மூச்சை ஊதி அளக்கும் கருவியை 1954-இல் உருவாக்கிய ராபர்ட் போர்கன்ஸ்டைன், 1960-களில் கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற அமெரிக்க நகரத்தில் ஓர் ஆய்வு நடத்தினார். விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களோடு நிற்காமல், விபத்தில்லாமல் சாலையில் போய்க்கொண்டிருந்தவர்களையும் நிறுத்தி ஊதச் சொல்லி, இரு தரப்பையும் ஒப்பிட்டதுதான் அதன் சிறப்பு. இதே முறையில் லாங் பீச், ஃபோர்ட் லாடர்டேல் நகரங்களில் பின்னாளில் நடந்த ஆய்வு, ரத்தத்தில் 80 மில்லி கிராம் இருப்பவர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு குடிக்காதவரைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு என்றும், 150 இருப்பவருக்கு அது 22 மடங்கு என்றும் கணக்கிட்டது. அளவு ஏற ஏற ஆபத்து சீராகக் கூடாமல் செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இருபது ஆண்டு அனுபவத்தைப் பற்றி ஒரு சொல். குடித்துவிட்டு ஓட்டும் பயணங்களில் மிகப் பெரும்பாலானவை வீட்டு வாசலில் பத்திரமாகவே முடிகின்றன. பழக்கம் வேரூன்றுவதற்கு அதுதான் காரணம். ஒவ்வொரு இரவும் ஒன்றும் ஆகாமல் போவதையே தன் திறமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பலர் கேட்டிருக்கிறார்கள். கல்லீரல் ரத்தத்திலிருந்து ஆல்கஹாலை அகற்றுவது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம் என்ற கணக்கில்தான். காப்பி குடித்தாலும், தலையில் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டாலும் இந்த வேகம் கூடுவதில்லை. தூக்கம் கலைகிறதே தவிரப் போதை தெளிவதில்லை. நள்ளிரவில் 150 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு 60 மிச்சம் இருக்கும். நன்றாகத் தூங்கி எழுந்தேன், பல் துலக்கினேன், குளித்தேன் என்று பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவிடக் கிளம்புகிறவர், பல நாடுகளின் சட்டப்படி அப்போதும் குற்றவாளிதான்.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஆயுளுக்கும் உரிமத்தைப் பறித்துவிட்டால் யாராவது குடித்துவிட்டு ஓட்டத் துணிவார்களா? தண்டனை போதாததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

பதில்: தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே மனிதரைத் தடுக்கிறது. பிரிட்டனில் 1967-இல் புதிய சட்டம் வந்தபோது, எங்கும் ஊதச் சொல்வார்கள் என்று மக்கள் நம்பினார்கள். இரவு நேர விபத்துகள் சட்டென்று குறைந்தன. நாளாக ஆக, சாலையில் நிறுத்துவது அப்படியொன்றும் அடிக்கடி நடப்பதில்லை என்று கண்டுகொண்டார்கள். விபத்துகள் மீண்டும் ஏறின. சட்டமும் தண்டனையும் அதேதான். மாறியது மக்களின் கணக்கு.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழியில் போயிற்று. சந்தேகம் இருந்தால்தான் நிறுத்துவது என்பதை விட்டுவிட்டு, யாரை வேண்டுமானாலும், எந்தச் சாலையிலும், எல்லார் கண்ணிலும் படும்படி நிறுத்தி ஊதச் சொன்னார்கள். இதில் எதிர்பாராத நன்மை ஒன்றும் கிடைத்தது. நண்பர்கள் வற்புறுத்தும்போது "எனக்கு வேண்டாம்" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், "வழியில் நிற்கிறார்கள், மாட்டிக்கொள்வேன்" என்று கூச்சமில்லாமல் சொல்ல முடிந்தது. மானம் போகாமல் மறுப்பதற்கு ஒரு சாக்கு கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்பது அப்படிப்பட்ட கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். பல நாடுகளின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தவர்கள், சோதனைச் சாவடிகள் இடைவிடாமல் நடக்கும் இடங்களில் மது தொடர்பான விபத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதாகச் சொல்கிறார்கள்.

உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. "இந்தத் திருப்பத்தில் நிற்கிறார்கள், அந்தச் சந்து வழியாகப் போங்கள்" என்று கைப்பேசிக் குழுக்களில் தகவல் பறக்கிறது. அனுப்புகிறவர் நண்பருக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார். ஆனால் குடித்தவரை வெளிச்சமான பெருஞ்சாலையிலிருந்து குழந்தைகள் விளையாடும் குறுகலான தெருவுக்குத் திருப்பிவிடுவதுதான் அதன் விளைவு. "இன்றிரவு ஊர் முழுவதும் சோதனை உண்டு" என்று பரப்புங்கள். எந்த இடம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி (இல்லத்தரசி): குடும்ப விருந்துகளில் என் கணவரின் அண்ணன் குடித்துவிட்டு, மனைவி மக்களையும் ஏற்றிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போகிறார். வீட்டுக்கு மூத்தவர் என்பதால் யாரும் வாய் திறப்பதில்லை. ஒருமுறை என் கணவர் சாவியைக் கேட்டதற்குப் பெரிய சண்டையாகி, ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. என்னதான் செய்வது?

பதில்: அம்மா, வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். உங்கள் கணவர் செய்ததில் பிழையில்லை. அவர் கேட்ட நேரம்தான் பிழை. போதை ஏறிய பிறகு தம்பி வந்து சாவியைக் கேட்டால், அண்ணன் காதில் விழுவது "உனக்குத் தகுதியில்லை" என்பது மட்டுமே. அங்கே சாவி மறந்துபோய், யார் பெரியவர் என்ற வழக்கு தொடங்கிவிடுகிறது. ஆகையால் முதல் கோப்பை ஊற்றப்படுவதற்கு முன்பே, அதுவும் அவரிடம் மட்டும் கேட்காமல், எல்லாரிடமும் சாவியை வாங்கிவிட வேண்டும்.

என் நண்பர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். வாசலுக்குப் பக்கத்தில் மூடியுள்ள டப்பா ஒன்று; உள்ளே வருகிற ஒவ்வொருவரும் வண்டிச் சாவியை அதில் போட வேண்டும்; நண்பரின் தாயார் அதில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டிப் பெயர் எழுதுவார். குடிக்காதவர்களும் போட்டார்கள், நானும் போட்டேன். வண்டிகள் ஒன்றையொன்று மறித்து நிற்பதால் எடுத்து மாற்றிவிட வசதியாக இருக்கும் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். பதினோரு மணிக்கு ஒருவர் சாவி கேட்டு வந்தார். "மாடியில் படுக்கை விரித்திருக்கிறது தம்பி, காலையில் காப்பி குடித்துவிட்டுப் போகலாம்" என்றார் அந்த அம்மா. அவர் ஏதோ முனகிவிட்டுத் திரும்பிப் போனார். கால் மணி நேரத்தில் மறுபடி வந்தார். அதே பதில், அதே குரலில். மூன்றாம் முறை அவர் வரவில்லை, படியேறிவிட்டார். குடித்திருக்கிறாய் என்ற சொல்லை அந்த அம்மா ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

உங்கள் வீட்டில் அந்த இடத்தில் யார் நிற்க முடியும் என்று பாருங்கள். அவர் மறுத்துப் பேசத் தயங்கும் ஒருவராக, உங்கள் மாமியாராகவோ அவர் வயதொத்த நண்பராகவோ இருக்க வேண்டும். நீங்களோ உங்கள் கணவரோ வேண்டாம். ஒருவர் மட்டும் பேசட்டும். நான்கு பேர் சூழ்ந்துகொண்டால் எந்த மனிதரும் எதிர்த்துத்தான் நிற்பார். இரவு தங்க இடமோ, கொண்டுபோய் விட ஆளோ முன்பே ஏற்பாடாகியிருக்க வேண்டும்; மாற்று வழி காட்டாமல் சாவியை மட்டும் கேட்டால் அது சிறைப்பிடிப்பது போலத்தான் தோன்றும். அவருடைய மனைவியிடம் நல்ல நாளில், தனியாகப் பேசுங்கள். "அப்படியானால் நானும் குழந்தைகளும் இந்த வண்டியில் ஏறவில்லை" என்று அவர் ஒருவர் சொன்னால் பல நேரம் அதுவே போதும். இவ்வளவுக்குப் பிறகும் அண்ணன் கைகலப்புக்குத் துணிந்தால் குறுக்கே விழ வேண்டாம். வண்டி எண்ணையும் போன திசையையும் காவல் துறைக்குச் சொல்லிவிடுங்கள். குடும்ப மானம் போகும் என்று அஞ்சுவீர்கள், தெரியும். மூத்தவரைக் காட்டிக்கொடுத்ததாக உங்கள்மேல் பேச்சு வரலாம். அந்தப் பேச்சைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். சாலையில் எதிரே வருகிறவருக்கு உங்கள் குடும்பத்தின் மானக் கணக்கு எதுவும் தெரியாது.

கேள்வி (நண்பர் குழு சார்பில் ஒருவர்): எங்களில் ஒருவர் குடிக்காமல் இருந்து மற்றவர்களைக் கொண்டுபோய் விடுவது என்று வைத்திருக்கிறோம். இது போதுமா?

பதில்: நல்ல வழக்கம்தான். இத்தகைய ஓட்டுநருக்கு பெல்ஜியத்தில் 1995-இல் "பாப்" என்று செல்லப் பெயரே வைத்து இயக்கம் நடத்தினார்கள். ஐரோப்பாவில் வேறு நாடுகளுக்கும் அது பரவியது. ஆனால் நடைமுறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, ஓட்டுநர் யார் என்பது குடித்து முடித்துக் கிளம்பும்போதுதான் முடிவாகிறது. அப்போது "இருப்பதில் குறைவாகக் குடித்தவர்" என்றுதான் ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியும். இரண்டாவது, வண்டி ஓட்ட ஆள் இருக்கிறது என்ற தெம்பில் மற்றவர்கள் கூடுதலாகக் குடிக்கிறார்கள். போகும்போதே ஓட்டுபவர் அவர்தான் என்று முடிவாகிவிட வேண்டும். அவருக்கு ஒரு சொட்டும் கூடாது.

குழுவில் அப்படி ஒருவர் அமையாத நாளுக்கு ஜப்பானியர் கண்ட வழி எனக்குப் பிடிக்கும். தொலைபேசியில் அழைத்தால் இரண்டு ஓட்டுநர்கள் ஒரு வண்டியில் வருவார்கள். ஒருவர் உங்கள் காரை உங்களோடு ஓட்டிக்கொண்டு வீட்டில் நிறுத்த, மற்றவர் பின்னாலேயே வந்து முதலாமவரை ஏற்றிக்கொண்டு திரும்புவார். குடித்தவர் வாடகை வண்டியை மறுப்பது பெரும்பாலும் கட்டணத்துக்காக இல்லை, தன் வண்டியை அங்கே விட்டுவிட்டு வர மனமில்லாமல்தான் என்பதைப் புரிந்துகொண்டவர்களின் யோசனை அது.

கேள்வி (மதுக்கூட மேலாளர்): "இதற்குமேல் கிடையாது" என்று நான் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போகிறார். நஷ்டம் எனக்கு, குடி அவருக்கு. எங்களைக் குறை சொல்வது எந்த வகையில் நியாயம்?

பதில்: உங்களை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு கடை மட்டும் கதவைச் சாத்தினால் கூட்டம் பக்கத்துக் கடைக்குப் போவது இயல்பு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் அதனால்தான் 1986 டிசம்பரில், மது பரிமாறும் எல்லாருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது: போதை ஏறியதை எப்படி அடையாளம் காண்பது, பரிமாறுவதை எப்படி மெல்ல மெல்லத் தாமதப்படுத்துவது, சண்டையில்லாமல் எப்படி மறுப்பது என்றெல்லாம். மூன்றாம் ஆண்டு முடிவில், இரவில் ஒரே வண்டி மட்டும் சிக்கும் விபத்துகள் 23 சதவீதம் குறைந்திருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். யாரும் இடிக்காமல் தானே போய் மோதும் இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் மது இருக்கும் என்பதால் அதையே அளவுகோலாக வைப்பது வழக்கம்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் பகுதிக் கடைக்காரர்கள் கூடி ஒரே விதியை எல்லாரும் பின்பற்றுவதாக ஒப்புக்கொள்ளலாம். அதற்கு உதவக்கூடிய தகவல் ஒன்று காவல் நிலையத்தில் கிடைக்கும். போதையில் பிடிபடுகிற ஒவ்வொருவரிடமும் கடைசியாக எங்கே குடித்தீர்கள் என்று கேட்டுக் குறித்துவைப்பதைச் சில நாடுகளில் வழக்கமாக்கியிருக்கிறார்கள். பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் இடம் எது என்று தெரிந்தால், ஒழுங்காக நடத்துகிற உங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் பொதுவான வசவைச் சுமக்க வேண்டியதில்லை.

உங்கள் கையிலேயே இருக்கும் ஒன்றையும் சொல்கிறேன். வண்டியை இரவு உங்கள் வளாகத்திலேயே விட்டுச்செல்ல அனுமதியுங்கள். கட்டணம் வேண்டாம், காவலாளி கையெழுத்திட்ட சீட்டு ஒன்று கொடுத்தால் போதும். "வண்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரே கவலையில் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவர்கள் உண்டு. ஜப்பான் 2007-இல் திருத்திய சட்டத்தையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்: ஓட்டப் போகிறார் என்று தெரிந்தே மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், தன்னைக் கொண்டுவிடச் சொல்லி அதில் ஏறியவர் ஆகியோரும் அங்கே தண்டனைக்கு உரியவர்கள்.

கேள்வி (வழக்கறிஞர்): ஒரே ஆள் மூன்று முறை, நான்கு முறை பிடிபடுகிறார். அபராதம் கட்டிவிட்டு மறுநாளே ஓட்டுகிறார். இவர்களுக்கு ஊர் என்ன செய்ய முடியும்?

பதில்: ஊரால் ஆகக்கூடியது இங்கே குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரும்பத் திரும்பப் பிடிபடுகிறவர்களில் பலர் குடிநோயாளிகள்; சாவி டப்பாவும் சாலைச் சோதனையும் அவர்களுக்குப் போதாது. ஊதினால்தான் வண்டி கிளம்பும் என்றிருக்கும் பூட்டுக் கருவி, பொருத்தியிருக்கும் காலம் வரையில் மறுகுற்றத்தை நன்றாகக் குறைக்கிறது. கழற்றியதும் பழைய கதைதான். எனவே கருவியோடு சேர்த்துச் சிகிச்சைக்கும் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். நீங்கள் ஆஜராகும் வழக்குகளில் அபராதத்தோடு முடித்துக்கொள்ளாமல் அதைக் கேட்டு வாதாடலாமே.

கேள்வி (பெயர் எழுதாத கடிதம்): புதினா மிட்டாய் மென்றுவிட்டு ஊதினால் கருவி காட்டாது என்கிறார்களே?

பதில்: காட்டும். கருவி உங்கள் வாயை மோந்து பார்ப்பதில்லை. நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றில் எவ்வளவு ஆல்கஹால் கலந்திருக்கிறது என்று அளக்கிறது. ரத்தத்தில் இருப்பது அங்கே வந்தே தீரும். வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் இருப்பதால், அவற்றைப் பயன்படுத்திய கையோடு ஊதினால் உள்ளதைவிடக் கூடுதலாகக்கூடக் காட்டும். கால் மணி நேரம் உட்காரவைத்து மறுமுறை ஊதச் சொல்வது அதற்காகத்தான்.